பீகிள் வாங்கப் போகிறீர்களா? சென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நாய்க்குட்டிக்காக இரண்டு வருடத்தில் ஒரு முறை அட்வான்ஸ் பணத்தை இழந்தேன், ஒரு முறை வீடு மாறினேன், உரிமத்துக்கு மூன்று முறை விண்ணப்பம் போட்டேன். குட்டி மேல் தப்பில்லை. அதன் பெயர் பட்டாணி, பீகிள், இப்போது இரண்டு வயது. இதை எழுதும்போது என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்குகிறது. தப்பெல்லாம் என்னுடையது: குட்டியை முதலில் வாங்கிவிட்டு மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள். குட்டி வீட்டுக்கு வருவது கீழே உள்ள வரிசையில் நான்காவதாகத்தான் வருகிறது.

1. முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

தொங்கும் காது, பெரிய கண், வெள்ளை நுனி வைத்த வால். யாருக்கும் பிடித்துவிடும். ஆனால் பீகிள் முயலை வாசனை பிடித்தே துரத்துவதற்காக வளர்க்கப்பட்ட வேட்டை நாய். நம் ஊர் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்துத் துரத்தும். இது மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டே போகும், நாள் முழுக்கப் போகும். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிக்குள் இருக்கும் பழத்தையும் இறைச்சியையும் மோப்பம் பிடிக்க 1984 முதல் பீகிள்களை வைத்திருக்கிறார்கள். பரணில் நீங்கள் ஒளித்து வைக்கும் அதிரச டப்பா அதற்கு ஒரு விஷயமே இல்லை.

இதன் விளைவுகள் மூன்று. முதலாவது, வாசனை பிடித்துவிட்டால் காது கேட்காது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு முறை கயிற்றை அவிழ்த்தேன். நூறு முறை பெயர் சொல்லி அழைத்தால் நூறு முறையும் ஓடி வந்த குட்டிதான். மீன் வாசனை வந்த திசையில் போனது போனதுதான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு சுண்டல்காரர் பிடித்து வைத்திருந்தார். திறந்த வெளியில் பீகிளைக் கயிறில்லாமல் விடாதீர்கள், எவ்வளவு பழக்கியிருந்தாலும்.

இரண்டாவது, குரல். குரைப்புக்கும் ஊளைக்கும் நடுவில் ஒரு நீண்ட சத்தம், ஆட்டோ ஹாரன் சிக்கிக்கொண்ட மாதிரி. வேட்டையில் பின்னால் வருபவருக்குக் கேட்க வேண்டுமே, அதற்காக உள்ள குரல். தனியாக விட்டால் அதே குரலில் அழும். கூட்டமாக வளர்ந்த இனம் என்பதால் தனிமை அதற்கு ஆகவே ஆகாது. காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும் வீடு என்றால், தயவுசெய்து பீகிள் வேண்டாம்.

மூன்றாவது, சாப்பாடு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வளர்ந்த பீகிள் 33 முதல் 41 செ.மீ. உயரம், 9 முதல் 14 கிலோ எடை இருக்கும். ஆயுள் 12 முதல் 15 வருடம். இப்போது ஏழாவது படிக்கும் உங்கள் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் இந்த நாயை நீங்கள்தான் நடக்கக் கூட்டிப் போவீர்கள். 'பிள்ளை ஆசைப்படுகிறான்' என்று வாங்குபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

2. வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள்

வாடகை வீடென்றால் இதுதான் முதல் காகிதம். சாலிகிராமத்தில் இருந்தபோது ஓனர் போனில் 'நாய்தானே, வச்சுக்கோங்க' என்றார். பக்கத்து வீட்டில் புகார் வந்ததும் 'நான் எப்போ சொன்னேன்?' என்றார். ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு மாத அவகாசமாவது கிடைத்திருக்கும். இப்போது நங்கநல்லூரில் தனி வீட்டின் கீழ்ப் போர்ஷன். வீட்டுக்கார மாமி, "நாய் மாடிக்கு வரப்படாது, துளசி மாடத்துக்கிட்ட போகப்படாது" என்று இரண்டு நிபந்தனை போட்டார். இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பட்டாணி இப்போது மாடியில்தான் மதியம் தூங்குகிறது, மாமியின் கட்டிலுக்கு அடியில். அது வேறு கதை.

சொந்த பிளாட் என்றால் நிலைமை வேறு. செல்லப் பிராணியே கூடாது என்று தீர்மானம் போடவோ, லிப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இது தெளிவாக இருக்கிறது, ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாளே சண்டைக்குப் போகாதீர்கள். குட்டி வருவதற்கு முன் மேல் வீடு, கீழ் வீடு, வாட்ச்மேன் மூவரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். பீகிள் கத்தும்போது காப்பாற்றப் போவது சட்டத்தைவிட அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான்.

3. குட்டியைத் தேடும்போது

நான் பணம் இழந்தது இந்த இடத்தில். இணையத்தில் ஒரு விளம்பரம். அழகான படங்கள், '45 நாள் குட்டி, பேப்பரோடு' என்று வாசகம். 5,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றதும் 'நானே கோயம்பேடு பக்கம் கொண்டு வந்து தருகிறேன்' என்றார். கொண்டு வந்தது படத்தில் இருந்த குட்டியே இல்லை. வயிறு மட்டும் பானை போல இருந்தது, குடற்புழு. ஊசி புத்தகத்தைப் புரட்டினேன். ஸ்டிக்கரெல்லாம் ஒட்டியிருந்தது. அதில் இருந்த தேதியையும் அவர் சொன்ன பிறந்த நாளையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், குட்டி பிறந்து இருபது நாளில் ஊசி போட்டதாக வந்தது. ஆறு வாரமாவது ஆகாமல் பொதுவாக முதல் ஊசியே போட மாட்டார்கள். அட்வான்ஸை விட்டுவிட்டு வந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் அந்தக் குட்டியைக் கையில் வைத்திருந்தால் கண்டிப்பாக வாங்கியிருப்பேன். அதற்காகத்தான் நடுத்தெருவில் வைத்துக் கையில் கொடுக்கிறார்கள்.

அந்த '45 நாள்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். சென்னையில் நான் விசாரித்த முக்கால்வாசிப் பேர் அதைப் பெருமையாகவே சொன்னார்கள். நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் இருக்கும் அந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. அதே விதிகளின்படி பிரீடர், அதாவது இனப்பெருக்கம் செய்து குட்டி விற்பவர், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நேரில் போய் தாய் நாயைப் பாருங்கள். அது எப்படிப் பழகுகிறது, எந்த இடத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள், காது நாறுகிறதா, கண்ணின் உள்மூலையில் சிவந்த கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கட்டி பீகிள்களுக்கு அடிக்கடி வரும். ஆபத்தில்லை என்றாலும் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வரை போகும். வலிப்பு வந்தது உண்டா என்று தாய், தகப்பன் இரண்டைப் பற்றியும் நேராகக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது 'பேப்பர்'. இந்திய கென்னல் கிளப்பின் பதிவுச் சான்றிதழைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கே.சி.ஐ. என்றால் எல்லோருக்கும் புரியும். அதன் தலைமை அலுவலகம் நம் அண்ணா நகரிலேயே இருப்பதால் சந்தேகம் வந்தால் நேரில் போய்க் கேட்கும் வசதி நமக்கு மட்டும்தான். தாயும் தகப்பனும் பதிவானவையாக இருந்தால்தான் குட்டிக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கும். குட்டிக்கு மைக்ரோசிப்பும் போட்டிருக்க வேண்டும். அரிசி அளவு சிப், தோலுக்கடியில், 15 இலக்க எண். சான்றிதழில் உள்ள எண்ணும் ஸ்கேனர் காட்டும் எண்ணும் ஒன்றா என்று குட்டியை வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றப் படிவத்தில் பிரீடரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். 'பேப்பர் அப்புறம் கூரியரில் வரும்' என்றால் பேப்பர் இல்லாத குட்டியின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

நான் விசாரித்தபோது பேப்பர் இல்லாத குட்டி 12,000 முதல் 18,000 ரூபாய், பேப்பரோடு 25,000 முதல் 40,000 வரை சொன்னார்கள். பட்டாணிக்கு 28,000 கொடுத்தேன். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கண்காட்சிக்கோ இனப்பெருக்கத்துக்கோ இல்லாமல் வீட்டில் வளர்க்க மட்டும் என்றால் கே.சி.ஐ. பேப்பர் கட்டாயம் இல்லை. அது ஆரோக்கியத்துக்கான உத்தரவாதமும் இல்லை. குட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு தடம் இருக்கும், அவ்வளவுதான். அந்தத் தடத்துக்காகத்தான் நான் கூடுதல் பணம் கொடுத்தேன்.

தத்தெடுக்கவும் வழி உண்டு. மருந்து ஆய்வகங்களில் சோதனைக்கு நாய் என்றால் பெரும்பாலும் பீகிள்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கிருந்து விடுவிக்கப்படும் நாய்களுக்குப் பெங்களூருவின் கூபா அமைப்பு வீடு தேடித் தருகிறது. புல்லையே பார்த்திராத நாய்கள் அவை. படியேறவும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் முறை நாய் வளர்ப்பவருக்குச் சிரமம், பொறுமை உள்ளவர்கள் யோசிக்கலாம்.

4. முதல் மூன்று மாதம்

குட்டி வந்த இரண்டு நாளுக்குள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். விற்றவர் போட்டதாகச் சொல்லும் ஊசி புத்தகத்தை அவரிடம் கொடுத்து, எதை நம்பலாம் எதை மறுபடி போடலாம் என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டு ஊசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரும். குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு நோய்களுக்கான தடுப்பும் இதில் அடங்கும். எலிக் காய்ச்சலுக்கான பாகமும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும் ஊர் இது. ரேபிஸ் ஊசி மூன்று மாதம் நிறையும்போது. எனக்கு ஒவ்வொரு முறையும் ஊசி, டாக்டர் பீஸ் எல்லாம் சேர்த்து 800 முதல் 1,200 ரூபாய் ஆனது.

பலர் தடுக்கி விழும் இடம் இது: கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருவில் இறக்கிவிடக் கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் பிறகு ஆட்டோ சத்தத்துக்கே நடுங்கும். தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வாருங்கள். கோலம் போடுகிறவர், தண்ணி லாரி, கோயில் மணி எல்லாவற்றையும் பார்க்கட்டும், கேட்கட்டும்.

பெரிய சிக்கல் வந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கண், தோல், எலும்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள், கட்டணமும் குறைவு. காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். பெரிய நாய்களுக்கு நடுவில் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் ஒரு கூடையோ கெட்டியான கயிறோ கட்டாயம்.

5. மாநகராட்சி உரிமம்

கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் எடுக்காமல் விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 நவம்பரில் சென்னை மாநகராட்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. உரிமம் ஒரு வருடத்துக்குச் செல்லும். மாநகராட்சி இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் படம், நாயின் படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, ரேபிஸ் ஊசிச் சான்று, இத்தனையையும் தயாராக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மைக்ரோசிப்பும் வேண்டும். ஏற்கெனவே போடாத நாய்க்கு மாநகராட்சியின் நாய் மருத்துவ மையங்களிலேயே போடுகிறார்கள், புளியந்தோப்பிலும் நுங்கம்பாக்கத்திலும் உண்டு.

என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை, ஆதாரில் சாலிகிராமம், விண்ணப்பத்தில் நங்கநல்லூர். வாடகை ஒப்பந்தத்தைச் சேர்த்த பிறகு சரியானது. இரண்டாம் முறை நான் ஏற்றியது ஊசி புத்தகத்தின் ஒரு பக்கம். மருந்து ஸ்டிக்கர் இருந்தது, தேதி இருந்தது. டாக்டரின் முத்திரையும் பதிவு எண்ணும் இல்லை. ஊசி போட்ட கிளினிக்கில் போய்க் கேட்டால், அன்றைக்குப் போட்ட டாக்டர் அங்கே வேலையை விட்டுவிட்டாராம். ஒரு வாரம் அலைந்தேன். நீங்கள் ரேபிஸ் ஊசி போடும் அன்றைக்கே, கவுன்டரில் பணம் கட்டுவதற்கு முன், முத்திரை, கையெழுத்து, பதிவு எண், அடுத்த ஊசித் தேதி நான்கும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

இன்னொரு குழப்பம்: 'சென்னை' என்று நாம் சொல்லும் எல்லா இடமும் சென்னை மாநகராட்சி இல்லை. பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் தாம்பரம் மாநகராட்சி. ஆவடி தனி. சொத்து வரி ரசீதில் எந்த மாநகராட்சியின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் உரிமம் கேட்க வேண்டும்.

6. தினசரி: மூக்கு, காது, வயிறு

நடை ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மொத்தம் ஒரு மணி நேரம். காலையில் ஐந்தரைக்கு, மாலையில் ஏழுக்குப் பிறகு. மே மாதத்தில் புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். இது இழுக்கிற ஜாதி. வேகமாக நடத்திக் கூட்டிப் போவதைவிட, நின்று நின்று மோந்து பார்க்க விட்டால் அரை மணியிலேயே களைத்துவிடும். மழை நாளில் பழைய துண்டுக்குள் நான்கைந்து தீவன உருண்டைகளைச் சுருட்டி வைத்துத் தேட விடுவேன். நடைக்குப் பதிலாக அது போதும்.

காது தொங்குவதால் உள்ளே காற்று போகாது, நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் புண்ணாகும். வாரம் ஒரு முறை மடலைத் தூக்கி மோந்து பாருங்கள். புளித்த மாவு வாசனை அடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். அவர் கொடுக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் விடச் சொல்லும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார், கேட்காதீர்கள்.

உண்ணியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புல்லில் மூக்கை வைத்தே நடக்கும் நாய் இது. உண்ணிக் காய்ச்சலில் பட்டாணி மூன்று நாள் சாப்பிடவில்லை. பீகிள் ஒரு வேளை சாப்பாட்டை மறுத்தாலே ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். மாதம் தவறாமல் உண்ணி மருந்து கொடுங்கள். என் செலவுக் கணக்கு மாதத்துக்கு: தீவனம் 3,000, உண்ணி மருந்து 800, மற்றவை 500. காய்ச்சல் வந்த மாதம் மட்டும் 9,000.

இனி சாப்பாடு. பீகிளுக்குப் போதும் என்ற ஒன்று தெரியாது. வயிறு நிறைந்திருந்தாலும் பட்டினி கிடந்த முகத்தோடு பார்க்கும், வீட்டில் நான்கு பேர் நான்கு முறை ஏமாறுவார்கள். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, யார் எப்போது கொடுத்தார்கள் என்று எழுதுகிறோம். தட்டில் அளந்து இரண்டு வேளைதான், குட்டியாக இருக்கும்வரை மூன்று நான்கு வேளை. விலா மேல் கையை ஓட்டினால் எலும்பு லேசாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் குண்டாகிவிட்டது என்று அர்த்தம். எடை கூடினால் இந்த இனத்துக்கு முதுகெலும்பில்தான் அடி விழும்.

சாக்லேட்டும் வெங்காயமும் ஆகாது என்பது பலருக்குத் தெரியும். திராட்சை தெரியாது. உலர்ந்த திராட்சையும் சேர்த்துத்தான், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். எங்கள் தெருக் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வாங்கி வந்தால் தொன்னையை நேராக அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். குப்பைக்கூடைக்கு மிதித்துத் திறக்கும் மூடி போதாது, இரண்டே நாளில் மிதிக்கக் கற்றுக்கொண்டது. கொக்கி போட்டது வாங்குங்கள்.

7. தீபாவளியும் வெளியூர்ப் பயணமும்

வெடிச் சத்தத்தில் கேட்டைத் தாண்டி ஓடிப் போகும் நாய்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஒரு வாரம் முன்பே மைக்ரோசிப் பதிவில் உங்கள் இப்போதைய போன் எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள், ஹார்னஸிலும் எண் எழுதிய தகடு தொங்கட்டும். அன்றைக்கு மாலை நாலு மணிக்குள் நடையை முடித்துவிட்டு, உள்ளறையில் மின்விசிறியும் டிவியும் ஓடட்டும்.

ஊருக்குப் போகும்போது விடுதியில் விடுவதென்றால் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும், பொங்கலுக்கு நவம்பரிலேயே. ஊசி புத்தகம் கேட்பார்கள். நாய் விடுதி இருமலுக்கான ஊசி போட்டிருக்கிறதா என்றும் சில இடங்களில் கேட்பார்கள், அதைப் போகிற அன்றைக்குப் போட்டால் பயனில்லை. நாளைக்கு 600 முதல் 1,000 ரூபாய் வரை கொடுத்திருக்கிறேன். போன முறை விடுதி கிடைக்காமல் தம்பி வீட்டில் விட்டோம். தீவன டப்பா மேல் 'அளந்து கொடு, இரண்டு வேளை, திராட்சை கூடாது, கேட்டைத் தாழ் போடு' என்று எழுதி ஒட்டிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது பட்டாணி 800 கிராம் கூடியிருந்தது. "பாவம் அண்ணா, பசிக்குதுன்னு பார்த்துச்சு" என்றான் தம்பி.